6,400 அடி எங்கே போயிற்று? நனிசிவிக் ஓடுதளம் குறித்து ஒரு திறந்த மடல்

நுனாவுட் அரசின் போக்குவரத்துப் பொறுப்பாளர்களுக்கும், கனடாவின் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், தேசியப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும்:

வணக்கம்.

மூடிக் கிடக்கும் ஒரு விமான ஓடுதளத்தைப் பற்றி எழுதுகிறேன். நுனாவுட் என்ற கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியில், பாஃபின் தீவின் வடமேற்கு மூலையில், போர்டன் தீபகற்பத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கும் மேலே ஒரு மொட்டை மேட்டில் அது இருக்கிறது. நீளம் 6,400 அடி, அகலம் 150 அடி. தார் கிடையாது, சிமென்ட் கிடையாது, முழுக்கச் சரளைக்கல். பெயர் நனிசிவிக். உங்களில் சிலர் அதன் கோப்பைக் கையில் வைத்திருந்திருப்பீர்கள்.

நான் டொரன்டோ பக்கம் இருப்பவன். அங்கே போனதில்லை. விமானப் பாதை வரைபடங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அப்படிப் பார்க்கும்போதுதான் வடக்கே ஓர் ஊரில் அருகருகே இரண்டு விமானத் தளங்கள் இருந்ததும், நீளமானதை மூடிவிட்டுக் குட்டையானதை வைத்துக்கொண்டதும் கண்ணில் பட்டது. ஏன் என்று தேடப் போய், வருடக்கணக்காக அதிலேயே சிக்கிக்கொண்டேன். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், என்னைப் போலவே இங்கே வரி கட்டிவிட்டு, வடக்கு என்றால் பனிக்கரடியோடு நிறுத்திக்கொள்ளும் என் ஆட்களும் படிக்கட்டும் என்பதுதான்.

அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீபகற்பத்தில் பழைய ஊர் என்றால் ஆர்க்டிக் பே. 1872-இல் 'ஆர்க்டிக்' என்ற ஸ்காட்லாந்துத் திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் சொல்லும் பெயர் இக்பியார்ஜுக். சட்டைப்பை என்று அர்த்தமாம். சுற்றிலும் உயர்ந்த குன்றுகள், நடுவே ஏறக்குறைய மூடிய குடா. நம்மவர்கள் பெயர் வைத்திருந்தால் 'மடி' என்று வைத்திருப்பார்கள். இன்று அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். மே மாதத் தொடக்கத்தில் மேலே வரும் சூரியன் ஆகஸ்ட் வரை இறங்காது. நவம்பர் நடுவில் இறங்கினால் ஜனவரி கடைசி வரை தலைகாட்டாது.

அந்த ஊரிலிருந்து கிழக்கே, ஸ்ட்ராத்கோனா சவுண்ட் என்ற கடற்கால் ஓரத்தில், துத்தநாகமும் ஈயமும் கிடைத்தன. நனிசிவிக் என்றால் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் 'ஆட்கள் பொருளைக் கண்டெடுக்கும் இடம்'. 1974-இல் கூட்டரசும் சுரங்கக் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. அரசே 18 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டது. கப்பல்துறை, சாலை, குடியிருப்பு, விமானத் தளம் எல்லாவற்றுக்கும் பொதுப்பணம் போயிற்று. 1976-இல் சுரங்கம் ஓடத் தொடங்கியது. தொழிலாளர்களில் 60 சதவீதம் பேர் இனுயிட் மக்களாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஓர் இலக்கு இருந்தது. கடைசி நாள்வரை அதைத் தொடவே இல்லை. 2002 செப்டம்பரில், உலகச் சந்தையில் துத்தநாக விலை சரிந்து கிடந்த நேரத்தில், சுரங்கம் மூடப்பட்டது. அப்புறம் வீடுகளும் இடிக்கப்பட்டன. 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நனிசிவிக்குக்கு நேரே இருந்த எண் பூஜ்யம்.

ஊர் போன பிறகும் ஓடுதளம் இருந்தது. அது ஆர்க்டிக் பே மக்களுக்குத் தேவையாக இருந்தது.

இந்த இடத்தில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் என்னால் நகர முடியாது. சரளைக்கல் மேல் ஜெட் விமானம் இறங்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். இறங்கும், ஆனால் எல்லா ரகமும் அல்ல. போயிங் 737-இன் 200 என்ற பழைய ரகத்துக்குக் கம்பெனியே ஒரு சரளைத் தள ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் பனிச்சறுக்குப் பலகை மாதிரி ஒரு தட்டு. சக்கரம் வாரியடிக்கும் கல் விமானத்தின் வயிற்றில் படாமல் அது தடுக்கும். இரண்டு இன்ஜின்களுக்கும் முன்னால் கீழ்நோக்கி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சீறும் காற்று, தரையில் உருவாகும் சுழலைக் கலைத்துவிடும். அந்தச் சுழல்தான் கல்லைத் தூக்கி இன்ஜினுக்குள் போடுவது. வயிற்றடியில் தடித்த பூச்சு, உள்ளே இழுத்துக்கொள்ளும் விளக்கு. வாக்குவம் கிளீனரின் வாய்க்கு முன்னால் ஒரு ஊதுகுழலை வைத்தாற்போல, அவ்வளவு எளிய யோசனை. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் வடக்கு முழுக்க நாற்பது ஐம்பது வருடம் ஓட்டினார்கள். விமானத்தின் முன்பாதியில் சரக்கு, பின்பாதியில் ஆட்கள். மொன்ட்ரியலிலிருந்து நார்டேர் கம்பெனியும், பின்னாளில் ஃபர்ஸ்ட் ஏரும் அந்த விமானத்தை நனிசிவிக்கில் இறக்கின.

சரளை ஏன் என்றும் கேட்பார்கள். பணமில்லாமல் அல்ல. கீழே இருப்பது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். அதன் மேற்பரப்பு கோடையில் இளகும், குளிர்காலத்தில் மறுபடி இறுகும், மேலே இருப்பதைத் தூக்கும், இறக்கும். தார் போட்டால் கருப்பு நிறம் வெயிலை உறிஞ்சி அடியில் மண்ணை இளக்கிவிடும், பிறகு வெடிப்பும் பள்ளமும். சரளை என்றால் ஒரு கிரேடர் வண்டியைக் கொண்டுவந்து மறுபடி மட்டம் பார்த்துவிடலாம். நுனாவுட்டின் 25 ஊர்களில் தலைநகர் இக்காலுவிட்டிலும் ராங்கின் இன்லெட்டிலும் மட்டும்தான் தார்த்தளம். மற்றதெல்லாம் சரளை. ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, ஆர்க்டிக் பேக்கும் நனிசிவிக்குக்கும் இடையே போட்ட சுமார் 32 கிலோமீட்டர் சாலை. அதன் ஒரு முனையில் இப்போது ஊரே இல்லை.

அந்தச் சாலையைப் பற்றி இன்னொன்று. 1979 முதல் அதில் ஒரு மாரத்தான் ஓட்டம் நடந்தது. நள்ளிரவுச் சூரியன் பெயரில். ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், முழுக்கச் சரளை. 42 கிலோமீட்டர் போதாது என்பவர்களுக்கு 84 கிலோமீட்டர் ஓட்டமும் வைத்தார்கள். தெற்கிலிருந்து ஓட வந்தவர்கள் இறங்கியது நம் ஓடுதளத்தில்தான். எனக்கு ஓடத் தெரியாது. ஆனால் 6,400 அடி நீளத் தளம் ஒன்று இருப்பதால் ஓர் ஊருக்கு என்னென்ன வந்து சேரும் என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

சரி, மூடியதைப் பற்றிப் பேசுவோம். முதலில் உங்கள் பக்க நியாயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மேட்டின் மேல் தளம் அமைத்தால் மேகமே அங்கே தரையில் படுத்துக்கொள்ளும். கீழே குடாவில் வெளிச்சமாக இருக்கும்போது மேலே எதுவும் தெரியாது. விமானம் இக்காலுவிட்டிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, இறங்க முடியாமல் திரும்பும். இறங்கினாலும் அங்கிருந்து ஆர்க்டிக் பே போக மலைச்சாலை. பிப்ரவரி இருட்டில், காற்று பனியை வாரி இறைக்கும்போது, கைக்குழந்தையோடு அந்தச் சாலையில் போவதை நினைத்துப் பாருங்கள். சாலை அடைபட்டால் விமானம் வந்தும் பயனில்லை. ஆகவே 2010-ஆம் ஆண்டு வாக்கில், ஆர்க்டிக் பேக்குப் பக்கத்திலேயே இருந்த சின்னத் தளத்தை நீட்டி, சேவையை அங்கே மாற்றி, மேட்டுத் தளத்தை மூடினீர்கள். ஊருக்கு அருகில் தளம், தாழ்ந்த இடம், மூடுபனித் தொல்லை குறைவு. நான் அந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அதற்குக் கை தூக்கியிருப்பேன்.

ஆனால் மாற்றும்போது ஒன்று விட்டுப்போயிற்று. நீளம். ஆர்க்டிக் பே தளம் நீட்டிய பிறகும் 4,000 அடிக்குச் சற்றுக் குறைவு. 6,400 அடி இருந்த ஊருக்குக் கைக்கு வந்தது அதில் ஐந்தில் மூன்று பங்கு. ஜெட் வராது. ஏடிஆர் போன்ற விசிறி விமானங்கள் வரும். அவை நல்ல விமானங்கள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஓடுதளம் குட்டை என்றால் விமானி ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். இறுகிய பனி மேல் பிரேக் சரியாகப் பிடிக்காது, நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். காற்று எந்தப் பக்கம், இறங்க முடியாவிட்டால் அடுத்த தளத்துக்குப் போக எவ்வளவு எண்ணெய், எல்லாம் எடையில் வந்து முடியும். எடை கூடினால் எதையாவது இறக்க வேண்டும். ஆளை இறக்க முடியாது. எண்ணெயைக் குறைக்க முடியாது. அப்புறம் என்ன, சரக்குதான்.

அந்தச் சரக்கில் என்ன இருக்கும் என்று தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஊருக்குக் கப்பல் கோடையில் மட்டும்தான் வரும், பனி விலகிய சில வாரங்களுக்குள். மாவு, அரிசி, டயர், சிமென்ட், டீசல் எல்லாம் அதில் வந்துவிடும். பாலும் வாழைப்பழமும் கீரையும் முட்டையும் அதில் வராது. அவை வான்வழியாக வந்தாக வேண்டும். 2011 ஏப்ரலில் தொடங்கிய 'நியூட்ரிஷன் நார்த்' மானியத் திட்டம் அந்த வான்வழிச் சாப்பாட்டின் விலையைக் குறைக்கத்தான். அதாவது, ஒரு கையால் சரக்கு விமானத்தின் வயிற்றைச் சுருக்கிய அதே காலத்தில், இன்னொரு கையால் அந்தச் சரக்குக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு அலுவலகங்கள், இரண்டு கோப்புகள். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

நோயாளிகளும் அதே வழியில்தான். ஊரில் இருப்பது செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம். பெரிய நோய் என்றால் இக்காலுவிட் மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் ஒட்டாவா. பிரசவத்துக்கும் பெண்கள் நாள் நெருங்குவதற்கு முன்பே விமானம் ஏறி, குடும்பத்தை விட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓடுதளம் என்பது பிரசவ அறையின் வாசற்படி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். போயிங் அந்த 200 ரகத்தைச் செய்வதை 1988-இலேயே நிறுத்திவிட்டது. பின்னால் வந்த 737-களுக்குச் சரளைத் தள ஏற்பாடு கிடையாது. இன்ஜின் பெருத்துத் தரையை ஒட்டித் தொங்குகிறது, கல்லை விழுங்கிவிடும். பழைய விமானங்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. எப்படியும் ஜெட் போகத்தான் போகிறது, பிறகு நீளத்தை வைத்து என்ன செய்வது? நல்ல கேள்வி. என் பதில்: நீளம் ஜெட்டுக்கு மட்டும் உரியதல்ல. விசிறி விமானமும் நீளமான தளத்தில் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பும், வழுக்கும் நாளிலும் தைரியமாக இறங்கும். நாளைக்குத் தார் போட முடிவு செய்தால் இருக்கிற நீளத்துக்குத்தான் போட முடியும். தளம் ஒன்றை அமைக்கும்போது அடுத்த நாற்பது வருட விமானங்களை நினைத்துத்தானே அமைக்கிறோம்? 1970-களில் துத்தநாகத்துக்காக அமைத்தவர்கள் அப்படித்தான் அமைத்தார்கள். மக்களுக்காக அமைக்கும்போது மட்டும் ஏன் அளந்து அளந்து?

அடுத்தது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு.

2007 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ரெசலூட் பேயில் நின்றுகொண்டு, நனிசிவிக்கில் கடற்படைக்கு ஆழ்கடல் துறைமுகம் வரும் என்று அறிவித்தார். சுரங்கத்தின் பழைய கப்பல்துறை அப்படியே இருக்கிறது, அதைச் சீர்செய்து கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் இடமாக்கலாம் என்பது திட்டம். வடமேற்குக் கடல்வழியின் கிழக்கு வாசலில் அந்த இடம். யோசனை மோசமில்லை. அதற்குப் பிறகு மூன்றே வருடத்தில், அந்தத் துறைமுகத்துக்கு மிக அருகில் இருந்த ஓடுதளம் மூடப்படுகிறது. மூடியது ஒரு அரசு, துறைமுகம் கட்டியது இன்னொரு அரசு, எனக்குத் தெரியும். பொறுப்பு யாருடையது என்று உங்களுக்குள் நீங்கள் பிரித்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு, யானை வாங்கிய வீட்டில் அங்குசத்தை எடைக்குப் போட்டதாகத்தான் தெரிகிறது.

பிறகு துறைமுகமும் சுருங்கியது. அங்கே நிரந்தரமாக ஆட்கள் இருக்கப்போவதில்லை என்றீர்கள். எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சூடேற்றும் வசதி வேண்டாம் என்றீர்கள். திறப்பு விழாத் தேதி வருடா வருடம் தள்ளிப்போயிற்று. 2022-இல் கனடாவின் தணிக்கைத் தலைவர் ஆர்க்டிக் கடற்பகுதிக் கண்காணிப்பைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, அந்த இடம் வருடத்தில் நாலு வாரம் அளவுக்குத்தான் பயன்படும் என்று எழுதினார். நாலு வாரம்! ஐம்பத்திரண்டில் நாலு. ரோந்துக் கப்பல்கள் வந்துவிட்டன. முதலாவது 2021-இல் கடற்படையில் சேர்ந்தது. அவற்றுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டிய இடம் இந்த நிலையில்.

கப்பலில் ஓர் உதிரிப் பாகம் உடைந்தால் எப்படி வரும்? மாலுமி ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் எங்கே ஏற்றுவீர்கள்? ராணுவச் சரக்கு விமானமான ஹெர்குலிஸ் குட்டையான சரளைத் தளத்திலும் இறங்கும் என்பீர்கள். உண்மை. அப்படியானால் அது இறங்கப்போவது ஆர்க்டிக் பே தளத்தில், அந்த ஊரின் தளத்தில், அந்த ஊர் ஆட்கள் பனி தள்ளிப் பராமரிக்கும் தளத்தில். பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கை அந்தத் தளத்துக்குத் திருப்புவதில் என்ன தயக்கம்? இறையாண்மை, இறையாண்மை என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். வருடம் முழுக்க அங்கே குடியிருந்து அந்த இறையாண்மையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊர்.

அவர்களுக்கு ஓடுதளத்தின் மதிப்பு தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் ஆர்க்டிக் பேயிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் வேட்டைக்காரர்கள் பனிவண்டிகளில் கிளம்பி மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்துக்குப் போனார்கள். சுரங்கத்தை விரிவாக்கினால் நார்வால் திமிங்கிலமும் காரிபூ மானும் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அங்கே போய் அவர்கள் சுரங்க வாயிலில் உட்காரவில்லை. ஓடுதளத்தில் கூடாரம் போட்டார்கள், சுரங்கச் சாலையையும் மறித்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் எந்த விமானமும் இறங்கவில்லை, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேற முடியவில்லை. அடுத்த வருடம் மே மாதம் நுனாவுட் தாக்க ஆய்வு வாரியம் அந்த விரிவாக்கம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நவம்பரில் கூட்டரசு அமைச்சர் அதை ஏற்று மறுத்துவிட்டார். மறியலால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. வாரியத்தின் விசாரணை நீண்டது, காரணங்கள் பல. ஆனால் வடக்கில் ஒரு நிறுவனத்தின் மூச்சுக்குழாய் எது என்று அந்த வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே மூச்சுக்குழாய்தான் அவர்கள் ஊருக்கும்.

என் மனதில் நிற்பது இதுதான். நனிசிவிக் தளத்தைக் கட்டியபோது கேள்வி துத்தநாகம். மாற்றியபோது, பெரும்பாலும், பராமரிப்புச் செலவும் மூடுபனியும். துறைமுகம் அறிவித்தபோது போர்க்கப்பல். மூன்று முறையும் ஆர்க்டிக் பே இரண்டாவது வரியில் வந்தது. கட்டும்போது, 'அவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்'. மூடும்போது, 'அவர்களுக்குச் சிறியதே போதும்'. துறைமுகத்தின்போது, 'அவர்களுக்கும் சில வேலைகள் கிடைக்கும்'. அந்த 60 சதவீத இலக்கு போன கதியைப் பார்த்தவர்கள் இந்த மூன்றாவது வாக்கியத்தை எப்படி நம்புவார்கள்?

இப்போது என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். பழைய தளத்தைத் திறந்து மறுபடி பயணிகளை இறக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மேட்டு மூடுபனி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நுனாவுட் அரசு, ஆர்க்டிக் பே தளத்தை எவ்வளவு தூரம் நீட்ட நிலம் இடம்கொடுக்கும் என்பதை ஆய்வு செய்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 5,000 அடியா, அதற்கு மேலா, முடியவே முடியாதா? குன்றும் கடலும் தடுக்கிறது என்றால் அதையும் படம் போட்டுச் சொல்லுங்கள். ஊர்க்காரர்களுக்குக் குன்று எங்கே இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும், அவர்களை ஏமாற்ற முடியாது.

நீட்ட முடியாது என்று தெரிந்தால் பழைய தளத்தை ஏன் அவசரத் தளமாக வைத்திருக்கக் கூடாது? வருடத்தில் ஒன்றிரண்டு முறை கிரேடர் ஓட்டி, மட்டம் பார்த்து, கல் பொறுக்கி, காற்றுத்திசை காட்டும் துணியை மாற்றி. கீழே தளம் ஏதோ ஒரு காரணத்தால் அடைபட்டால், மேலே வானம் தெளிந்திருந்தால், ஒரு வழியாவது இருக்கும். இதற்கான செலவை ஏற்க வேண்டியது பாதுகாப்பு அமைச்சகம். உங்கள் துறைமுகத்துக்கும் அது உதவும். அந்தச் சாலையைத் திறந்து வைத்திருப்பதும் எப்படியும் உங்களுக்குத் தேவை, எண்ணெய்த் தொட்டி அங்கேதானே இருக்கிறது?

போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு வார்த்தை. 2017-இல் தணிக்கைத் தலைவர் வடக்கின் விமானத் தளங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். 117 தொலைதூரத் தளங்கள். அவற்றின் பாதுகாப்புக்கும் வசதிக்கும் தேவையானது எவ்வளவு என்பதற்கும், விமான நிலைய மூலதன உதவித் திட்டத்தில் நாடு முழுவதற்கும் வருடத்துக்கு ஒதுக்கிய சுமார் 3.8 கோடி டாலருக்கும் உள்ள இடைவெளியை அதில் படித்திருப்பீர்கள். 3.8 கோடி டாலருக்கு டொரன்டோவில் ஒரு மேம்பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம் (கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், மன்னியுங்கள்). அந்தத் தொகைக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தளங்கள் வரிசையில் நிற்கும்போது, ஆயிரம் பேர் ஊர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். வேறு வழியே இல்லாத ஊர்களுக்குத் தனி வரிசை வேண்டும். மழைக்காலத்தில் பேருந்து வராவிட்டால் ரயில் பிடிக்கலாம் என்கிற ஊரையும், விமானம் வராவிட்டால் ஒன்றுமே வராது என்கிற ஊரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தல்லுருதியுப் இமாங்கா கடல் பாதுகாப்புப் பகுதிக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். அதன் ஐந்து ஊர்களில் ஆர்க்டிக் பேயும் ஒன்று. அந்தக் கடலைக் காவல் காக்கும் இனுயிட் காவலர் திட்டம் முதலில் முளைத்ததே அங்கேதான். ஆர்க்டிக் பேக்குச் சிறு படகுத்துறையும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஒரு முறையாவது, மக்கள் கேட்டதை முதலில் எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு எழுதியிருக்கிறீர்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் படகுக்கு இடம் கிடைத்தது போல விமானத்துக்கும் ஒரு நாற்காலி போட முடியாதா?

இதை எழுதும்போது என் திரையில் அந்த மேட்டின் செயற்கைக்கோள் படம் திறந்திருக்கிறது. பழுப்புக் குன்றுகளுக்கு நடுவே ஓர் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல நேராக இருக்கிறது. கட்டிடங்கள் இருந்த இடமெல்லாம் தேய்ந்துவிட்டது, கோடு மட்டும் தேயவில்லை. சரளைக்கல்லுக்குள்ள பொறுமை அது.

உங்கள் பதில் எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதினால், முதலில் இனுக்டிடுட்டில் எழுதி ஆர்க்டிக் பேயின் கூட்டுறவுக் கடை வாசலில் ஒட்டுங்கள். உள்ளூர் வானொலியிலும் வாசித்துவிடுங்கள். எனக்கான ஆங்கிலப் பிரதி அடுத்த விமானத்தில் இடமிருந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
டொரன்டோ பக்கத்து வரைபடப் பித்தன் ஒருவன்